டாஸ்மாக்கைத் திறந்தவர்கள் சலூனை ஏன் பூட்டி வைத்தார்கள்? கடை திறப்பதற்கு உண்மையில் கணக்கு உண்டா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின் நடுவே டாஸ்மாக்கைத் திறந்த அரசு, பேரூராட்சி ஒன்றில் இருந்த உங்கள் அப்பாவின் சலூனை அதற்கப்புறமும் ஏன் பூட்டி வைத்தது? ஊரடங்கை எப்போது தளர்த்தலாம், எந்தக் கடையை எப்போது திறக்கலாம் என்பதற்கு மருத்துவத்தில் உருப்படியான கணக்கு ஏதாவது உண்டா, இல்லை எல்லாமே மேலிடத்தில் உட்கார்ந்து போட்ட தோராயமா?

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எப்போது திறப்பது என்பது ஒன்று, எதை முதலில் திறப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு தெளிவான பதில் அப்போதே இருந்தது. இரண்டாவதற்கும் பதில் இருந்தது, அதைக் கேட்டவர்கள்தான் குறைவு. நான் சமூக மருத்துவம் படித்தவன், அந்த இரண்டு ஆண்டும் ஒரு மாவட்டத்தில் நோயாளிகளின் தொடர்புகளைத் தேடிப் பிடிக்கும் வேலையில் இருந்தேன். பொருளாதாரம் நான் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமே தவிர என் தொழில் இல்லை. கீழே அந்தப் பகுதி வரும்போது அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாஸ்மாக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் மருத்துவக் கணக்கு எதுவும் கிடையாது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் தரும் கடை அது. பக்கத்து மாநிலங்களில் திறந்துவிட்டதால் ஜனங்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்று அரசும் காரணம் சொன்னது. மே 7-ஆம் தேதி சென்னை தவிர மற்ற இடங்களில் திறந்தார்கள். 50 வயது தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 1 வரை, 40 முதல் 50 வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3 வரை, அதற்குக் கீழே 3 முதல் 5 வரை என்று வயதுவாரியாக நேரம் ஒதுக்கியதெல்லாம் நினைவிருக்கும். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, 16-ஆம் தேதி டோக்கனோடு மறுபடி திறந்தது. இந்த வரிசையில் எங்குமே தொற்று எண்ணிக்கையைப் பார்த்து எடுத்த முடிவு ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் கோபம் நியாயமானது.

சரி, எப்போது என்ற கேள்விக்கு வருவோம். இதில் எல்லாரும் தவறவிடுவது கால இடைவெளி. வைரஸ் உடம்புக்குள் போய்க் காய்ச்சல் வர, 2020-இல் சுற்றிய வகைக்குச் சராசரியாக 5 நாள் ஆகும். சிலருக்கு 11, 12 நாள் வரை இழுக்கும். காய்ச்சல் வந்தவர் அன்றைக்கே பரிசோதனைக்கு வந்துவிடுவதில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு, கஷாயம் குடித்துப் பார்த்து, குழம்பில் வாசனை தெரியவில்லை என்றதும்தான் வருவார். அதற்கு மூன்று, நான்கு நாள். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, லேபுக்கு அனுப்பி, முடிவு வர ஓரிரு நாள். ஆக, சாயங்காலம் டிவியில் ஓடும் இன்றைய எண்ணிக்கை உண்மையில் பத்து, பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நடந்த தொற்று. ஆஸ்பத்திரிப் படுக்கைகள் அதற்கும் பிந்தி நிரம்பும், இறப்பு இன்னும் பிந்தி வரும். இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான், ஆனால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஒன்றைத் திறந்தால் குறைந்தது இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் எதனால் கூடியது, எதனால் கூடவில்லை என்று பிரித்தே சொல்ல முடியாது.

2020-இல் நடந்ததை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். மே 7 டாஸ்மாக், மே 11 டீக்கடை உட்பட 34 வகைக் கடைகள், மே 16 மறுபடி டாஸ்மாக், மே 19 கிராமப்புறச் சலூன்கள், மே 24 சென்னை தவிர்த்த நகர்ப்புறச் சலூன்கள், ஜூன் 1 பல மாவட்டங்களில் பேருந்து, ஜூன் 8 உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல். சுமார் ஒரு மாதத்தில் இவ்வளவும். ஜூன் 19-ஆம் தேதி சென்னையையும் சுற்றியிருந்த மூன்று மாவட்டங்களையும் திரும்ப மூடினார்கள், அடுத்த வாரமே மதுரையையும். இதில் எந்தப் படியில் சறுக்கினோம் என்று இன்றைக்கு உட்கார்ந்து எவ்வளவு அலசினாலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. சலூனால் வந்தது என்பவரும், பேருந்தால் வந்தது என்பவரும் ஊகத்தைத்தான் சொல்கிறார்கள். 2021-இல் கொஞ்சம் தேறினார்கள். ஜூன் 7-இல் தொடங்கி வாரம் ஒரு படியாக, தொற்று அதிகமுள்ள 11 மேற்கு, டெல்டா மாவட்டங்களைத் தனியாகவும் மற்ற 27 மாவட்டங்களைத் தனியாகவும் பிரித்துத் தளர்த்தினார்கள். ஜூலை 5-இல்தான் மாநிலம் முழுக்க ஒரே விதி வந்தது. ஒரு வார இடைவெளி எனக்குப் போதாது, ஆனால் அலை இறங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் தாங்கியது.

அடுத்தது, எந்த எண்ணைப் பார்ப்பது? உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் ஆறு நிபந்தனைகளைச் சொல்லி, மே மாதம் அவற்றுக்கு அளவுகளும் கொடுத்தது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற எண் இரண்டு வாரமாவது 1-க்குக் கீழே இருக்க வேண்டும். பரிசோதனை போதிய அளவில் நடக்கும் ஊராக இருந்தால், 100 பரிசோதனையில் தொற்று 5-க்குக் குறைவாக, அதுவும் இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். நம் நாட்டில் 2021 ஏப்ரல் இறுதியில் மத்திய உள்துறை வேறு கோடு போட்டது: ஒரு வாரத்தில் 100-க்கு 10 அல்லது அதற்கு மேல் தொற்று, அல்லது 60 சதவீதத்துக்கு மேல் படுக்கை நிரம்பல் இருந்தால் அந்த மாவட்டத்தில் கட்டுப்பாடு. திறப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தலைவர் அந்த ஜூனில் சொன்னது, ஒரு வாரம் 5 சதவீதத்துக்குக் கீழே, அதோடு எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி. இந்த 5, 10 என்ற எண்களில் மந்திரம் எதுவும் இல்லை. 5-க்குக் கீழே என்றால் கண்ணுக்குத் தப்புகிறவர்கள் ஓரளவு குறைவு என்று நம்பலாம், அவ்வளவுதான். யாரைப் பிடித்துப் பரிசோதிக்கிறோம் என்பதை மாற்றினால் இந்த எண் தானே ஏறும், தானே இறங்கும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இரண்டு உதாரணம். 2020 மே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தொற்று திடீரென்று ஏறியது. பெரும்பகுதி மகாராஷ்டிரத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள், சோதனைச் சாவடியிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள். அந்த எண்ணைக் காட்டி பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடையை மூடுவதில் அர்த்தமே இல்லை. இதற்கு நேர் எதிரான கதை சென்னை. 2020 ஜூலையில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடி ஆய்வு நடத்தியபோது ஐந்தில் ஒருவருக்கு, அதாவது 21.5 சதவீதம் பேருக்கு, ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. அதுவரை பரிசோதனையில் பிடிபட்டவர்கள் ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். கண்டுபிடித்த ஒருவருக்குப் பின்னால் கண்டுபிடிக்காத பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனைக்கும் வீடு வீடாகப் போய், தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்ட ஊர் அது.

அதனால் நாங்கள் களத்தில் நம்பியது வேறொரு எண்ணை. தினமும் வரும் நோயாளிப் பட்டியலில் ‘யாரிடமிருந்து வந்தது’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இன்னார் வீட்டுத் தொடர்பு’, ‘வெளிமாநிலப் பயணம்’ என்று எழுதியிருந்தால் நோய் எங்கே போகிறது என்று நமக்குத் தெரிகிறது, எண்ணிக்கை ஐம்பது ஆனாலும் சமாளிக்கலாம். ‘தெரியவில்லை’ என்று பாதிப் பேருக்கு எழுத ஆரம்பித்துவிட்டால், எண்ணிக்கை இருபதாக இருந்தாலும் நோய் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் கடை திறப்பதற்கு முதல் நிபந்தனையாக இதைத்தான் வைப்பேன். ஆனால் இதை எந்தச் செய்திக் குறிப்பிலும் போடுவதில்லை, கட்டத்தை நேர்மையாக நிரப்பும் ஆளும் நேரமும் வேண்டும். மேலே இருந்து நெருக்கினால் ‘தெரியவில்லை’ என்பது ‘தொடர்பு’ என்று மாறிவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

எதை முதலில் திறப்பது? நம் ஊரில் கடைகளைப் பிரித்தது என்ன விற்கிறார்கள் என்பதை வைத்து: அத்தியாவசியம், அத்தியாவசியம் இல்லாதது. வைரஸுக்கு அந்தப் பிரிவு தெரியாது. உள்ளே எத்தனை பேர், எவ்வளவு நேரம், காற்று எப்படி என்ற மூன்றும்தான் கணக்கு. இதற்கு நல்ல ஆதாரம் நம்மிடமிருந்தே கிடைத்தது. தமிழ்நாடு, ஆந்திராவின் தொடர்பறியும் பதிவேடுகளை வைத்து 2020 செப்டம்பர் இறுதியில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். அந்த நோயாளிகளில் 71 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று பிடிபடவில்லை. மீதிக் கொஞ்சப் பேர்தான் நிறையப் பேருக்குப் பரப்பியிருந்தார்கள். ஒரே வீட்டில் அல்லது வண்டியில் பல மணி நேரம் நெருங்கி இருந்தவர்களுக்கும், சும்மா கடந்து போனவர்களுக்கும் நடுவே வித்தியாசம் தெளிவாக இருந்தது. எல்லாத் தொடர்பையும் பிடித்திருக்க மாட்டார்கள் என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. ஆனாலும் திசை தெளிவு: மளிகைக் கடை வாசலில் மூன்று நிமிடம் நிற்பவரைப் பற்றிப் பயப்படுவதைவிட, கடைக்குப் பின்னால் பத்துப் பேர் படுக்கும் அறையைப் பற்றிப் பயப்பட வேண்டும்.

சென்னை கோயம்பேடு மொத்தச் சந்தையில் தொற்று வெடித்தது அப்படித்தான். கடை கிட்டத்தட்ட 3,000, ராத்திரி லாரி வந்து நிற்கும், விடிவதற்குள் சரக்கு இறங்கி விற்றுப்போக வேண்டும். வாங்க வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். லோடுமேன் போவதில்லை. மூட்டை தூக்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வராந்தாவில் வரிசையாகத் தூங்கி, மறுநாளும் தூக்குவார். மூட்டை தூக்குகிறவருக்கு முகக்கவசம் மூக்கில் நிற்காது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடியபோது அந்தத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் எல்லாம் ஒரே வாரத்தில் எகிறின. சந்தை திருமழிசைக்குப் போனது, காய்கறி மொத்தக் கடைகள் செப்டம்பர் 28-இல்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பின. இது நம் ஊர்க் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அந்த ஜூனில் பெய்ஜிங்கின் சின்ஃபாடி சந்தையிலும், அக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடை மீன் சந்தையிலும் இதே மாதிரி வெடித்தது. மொத்தச் சந்தை எல்லாப் பட்டியலிலும் அத்தியாவசியம் என்றிருந்தது, அதனால் கடைசி வரை யாரும் அதைத் தொடவில்லை.

இப்போது சலூன். உண்மையைச் சொன்னால் சலூன் ஆபத்தே இல்லாத இடம் இல்லை. முகத்துக்கு முகம் ஒரு அடி தூரம், அரை மணி நேரம், பல இடங்களில் ஒற்றைக் கதவு. மூடி வைத்ததில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2020 மே மாதம் ஒன்று நடந்தது. அறிகுறி இருந்த இரண்டு முடிதிருத்துநர்கள் தெரியாமல் 139 பேருக்கு வேலை பார்த்துவிட்டார்கள். இருபக்கமும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. ஒரு கடைக் கதையை வைத்துச் சட்டம் போட முடியாது, மீதிப் பேரைப் பரிசோதிக்கவும் இல்லை. இருந்தாலும் ஒரு நாற்காலி, ஒருவர் உள்ளே, அடுத்தவர் வெளியே பெஞ்சில், இருவருக்கும் முகக்கவசம், ஜன்னல் திறந்து என்று இருந்தால், டாஸ்மாக் வரிசையைவிட உங்கள் அப்பாவின் கடை மோசம் என்று என்னால் சொல்ல முடியாது. ஷேவிங்கை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன், முகக்கவசத்தைக் கழற்றாமல் அது முடியாது. பெரிய கடைகளை ஏசி போடாமல் திறக்கச் சொன்னது அந்த ஆணைகளிலேயே புத்திசாலித்தனமான வரி. சீனாவில் குவாங்சோ ஓட்டல் ஒன்றில் ஜனவரியில் ஒரு மதியச் சாப்பாட்டில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்த மூன்று குடும்பத்தில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. ஏசி காற்று சுற்றிய பாதையில் இருந்தவர்கள் அவர்கள். பரிமாறியவர்களுக்கும் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும் வரவில்லை.

நேரக் கட்டுப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிக எரிச்சல் தந்தது அது. கடை திறக்கும் நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையாது, நெருக்கும். 2021 மே 15 முதல் மளிகை, காய்கறிக்குக் காலை 10 மணி வரைதான் என்றார்கள். நாள் முழுக்கப் பரவி வந்திருக்க வேண்டிய தெரு மொத்தமும் நான்கு மணி நேரத்தில் அண்ணாச்சி கடை முன்னால் நின்றது. 2020 ஏப்ரல் 24-இல், 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, 25-ஆம் தேதியை நடுவில் விட்டார்கள். அன்று சந்தைகளில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அன்றைய கூட்டத்தால் எவ்வளவு தொற்று கூடியது என்று தனியாக அளக்க வழியில்லை. ஆனால் ஒரு சுகாதார ஊழியனாக அப்படி ஒரு நாளை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். 2021 மே 24-இல் தொடங்கிய முழு ஊரடங்குக்கு முன் இரண்டு நாள், இரவு 9 மணி வரை கடைகளைத் திறந்து விட்டதும், அப்புறம் காய்கறியை வண்டியில் தெருவுக்கே அனுப்பியதும் அதைவிட மேல்.

கடையைத் திறந்துவிட்டால் வியாபாரம் வந்துவிடுமா? இது என் துறை இல்லை, ஆனால் படித்தவரையில் பாதிக்குப் பாதி ‘வராது’ என்பதே பதில். அமெரிக்காவில் செல்போன் தரவை வைத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் பார்த்ததில், கடைக்கு வருவோர் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்ததில் 7 மட்டுமே அரசு ஆணைகளால். மிச்சம் ஜனங்கள் பயந்து தானாக வராதது. டென்மார்க் கடைகளை மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் மூடவில்லை. வங்கிக் கணக்குகளில் செலவு டென்மார்க்கில் 29 சதவீதமும் ஸ்வீடனில் 25 சதவீதமும் குறைந்தது. இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த மாட்டேன். அங்கே வீட்டில் இருக்க வசதி இருந்தது, இங்கே அன்றாடம் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும், அதோடு முடி வெட்டுவதை எத்தனை மாதம் தள்ளிப்போட முடியும்? ஆனால் ஒன்று நிச்சயம். மூடச் சொல்கிறவர்கள் அந்தக் காலத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய். ஒரு கடை வாடகைக்கே அது காணாது. காசு இல்லாத ஊரடங்கு மூன்றாவது வாரத்தில் பின்கதவு வழியாகத் திறந்துவிடும், பின்கதவுக் கடையில் ஜன்னலும் மூடியிருக்கும்.

ஊரடங்கு எவ்வளவு வேலை செய்தது என்பதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். 2021-இல் மே 10 ஊரடங்கு, மே 21-இல் 36,184 என்று மாநிலத்தின் உச்சம், அப்புறம் இறக்கம். மேலே சொன்ன பத்து, பன்னிரண்டு நாள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது, அதனால் ஊரடங்குதான் இறக்கியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாட்டின் மொத்த உச்சம் அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டது, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதி. அதே ஊரடங்கில் கோவை மே கடைசி வாரத்தில் சென்னையையே தாண்டியது. பயந்து வீட்டில் இருந்தவர்கள், ஏற்கெனவே தொற்று வந்து போனவர்கள், ஊரடங்கு, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. பங்கு பிரித்துத் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்த முறைக்கும் இதே வரிசை செல்லுமா என்றால், வருகிற கிருமியைப் பொறுத்தது. கொரோனாவில் கஷ்டமே அறிகுறி வருவதற்கு முன்பே பரவியது. அதனால்தான் கடை வாசலில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி நீட்டிக் காய்ச்சல் பார்த்தது பெரிதாக உதவவில்லை. 2003-இல் வந்த சார்ஸ் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு பரவியது. அப்படி ஒன்று வந்தால் காய்ச்சல் உள்ளவரைத் தனியே வைத்தாலே போதும், பெரும்பாலான கடைகளை மூட வேண்டிய தேவையே இராது. குழந்தைகள் வழியாக வேகமாகப் பரவும் ஃப்ளூ வகை வந்தால் கடைகளைவிடப் பள்ளிகள்தான் முதல் கேள்வியாகும், அங்கே இரண்டு வாரம் காத்திருப்பது அதிகம், ஃப்ளூவுக்கு அறிகுறி இரண்டு, மூன்று நாளிலேயே வந்துவிடும். கொசுவால் பரவுவது என்றால் சலூன் ஷட்டரை இறக்கி ஒரு பயனும் இல்லை. முதல் மாதத்தில் இது எந்த வகை என்றே தெரியாது, அந்த மாதம் மட்டும் எல்லாவற்றையும் மூடுவதை நான் எதிர்க்க மாட்டேன். இரண்டாவது மாதமும் அதே பட்டியலோடு வந்தால், எந்த எண்ணை வைத்து என்று கேளுங்கள்.